மூச்சில்லாத குரல்

எழுந்தான். பல் துலக்கினான். முகம் மழித்தான். இரண்டு கோப்பைகளில் காபி ஊற்றினான். ஒன்றைக் குடித்தான். மற்றதைத் தொட்டியில் கொட்டினான்.

போன் அலறியது!

மைத்துனன். மலையில் இறக்கப்பட்ட விரைவுப்படையின் கேப்டன். அவனுடைய ஆட்களுக்குக் காவலாகத்தான் அவன் அக்கா, இவன் மனைவி, இலகுரகப் போர் ஹெலிகாப்டரை ஓட்டிப் போனாள்... விழுந்தாள்.

"அத்தான்... இப்பதான் கீழ இறங்கினோம். அக்கா கடைசியா பேசினது எங்க வயர்லெஸ்ல கேட்டுச்சு..."

சொன்னான். இவன் கேட்டுக்கொண்டான். சீருடையை மாட்டினான். இவனும் பைலட்தான்.

கூட்ட அறை, முதல் மாடி. கொள்முதல் இயக்குநர் லிஃப்டில் வந்து இறங்கினார். படையில் அவருக்குத் 'தொப்பையப்பர்' என்று பெயர். மார்பு நிறையப் பதக்கம். பறந்ததெல்லாம் பயணிகள் விமானத்தில், ஜன்னலோர சீட்!

"இலகுரகத்துக்கு இன்னியோட முழுக்கு. கனரகம் வாங்கறோம்."

"அது அந்த உயரத்துக்கு ஏறாது சார். படை இறங்கின நிமிஷமே தலைக்கு மேல காவல் வேணும். மறுநாள் வந்து மாலை போடவா?"

"உன் பொண்டாட்டிக்கு ஓட்டத் தெரியல. கறுப்புப் பெட்டியே சொல்லுது. கேளு!"

பட்டனைத் தட்டினார். அவள் குரல்!

'தப்பு என்னோடதுதான்... மன்னிச்சிடுங்க சார்...'

சிரித்தான்.

"என்னய்யா இளிப்பு?"

"மூச்சு எங்க சார்?"

"எ... என்ன மூச்சு?"

"அங்க ஆக்சிஜன் மாஸ்க் இல்லேன்னா மயக்கம்தான். மைக்கும் மாஸ்க்குக்குள்ளதான். வார்த்தைக்கு வார்த்தை புஸ்ஸு புஸ்ஸுனு கேக்கும். இது ஏசி ரூம்ல அவ குரலை வெச்சு கம்ப்யூட்டர் பேசினது. ஒரு தடவை மேல போனவன்கூட இப்படிச் சொதப்ப மாட்டான்!"

தொப்பையப்பர் பட்டனை அணைத்தார்.

கதவு திறந்தது. மைத்துனன்... கையில் முறிந்த இரும்புத் தண்டு... பின்னால் ராணுவ போலீஸ்!

"வால் விசிறியோட தண்டு சார். பாதிவரைக்கும் ரம்பம் போட்டிருக்கு. போட்ட மெக்கானிக் கக்கிட்டான். கனரகத்துக்குத் தரகர் உங்க மச்சானாமே?"

விலங்கு மாட்டினார்கள்.

"அவ... நெஜமா என்னதான் சொன்னா?" என்றார் தொப்பையப்பர்.

இவன் குனிந்து, அவர் காதில் அப்படியே சொன்னான்.

"'வால் போச்சு... புஸ்... உன் பசங்க பத்திரம்டா தம்பி... புஸ்... தொப்பையப்பர்கிட்ட சொல்லிடு... இலகுரகம் உச்சிக்கு வந்துடுச்சு. அவருதான் இன்னும் லிஃப்டுக்கு நிக்கறாரு!'"