குளிர்ந்து கிடந்த அலுவலகம்

புதன்கிழமை, காலை 7.10.

வில்லோ ஃபோர்க் பள்ளி அலுவலகத்தின் இரும்பு அலமாரியைத் திறந்த நடீன், பள்ளியின் அலுவலக எழுத்தர், கையுறையைக் கழற்றாமலே மூன்று தட்டுகளையும் துழாவினாள். மனுக்கட்டைக் காணவில்லை. தேடிய இடத்திலேயே மறுபடியும் தேடிவிட்டு, வட்டாரக் காவல் தலைவியான ஷெரிஃப் டெல்லா ரூசெக்கைத் தொலைபேசியில் அழைத்தாள்.

"டெல்லா, சீக்கிரம் வா. நம்ம பள்ளிக்கூடத்தையே யாரோ தூக்கிட்டுப் போயிட்டாங்க."

அவள் சொன்னதில் மிகை அதிகமில்லை. பள்ளி வரியை உயர்த்த வாக்கெடுப்பு வேண்டும் என்று கேட்டு ஊரார் கையெழுத்திட்ட மனு அது. நடீனும் நான்கு தாய்மார்களும் பனியில் வீடு வீடாக ஏறி இறங்கி அதைச் சேர்த்திருந்தார்கள். அன்று மாலை ஐந்து மணிக்குள் அது தேர்தல் அலுவலகத்துக்குப் போயாக வேண்டும். போகாவிட்டால் வாக்கெடுப்பு நடக்காது, அடுத்த ஆண்டுக்குப் பணமும் கிடைக்காது. நெப்ராஸ்காவின் அந்தச் சமவெளியில் நான்கு தலைமுறையாக நின்ற பள்ளி மூடப்பட்டு, நாற்பது மைல் தள்ளியிருக்கும் மார்டன் பள்ளியோடு இணைக்கப்படும்.

காலை 7.40.

டெல்லா வாசல் கதவைக் குனிந்து பார்த்தாள். பூட்டு உடைபடவில்லை. ஜன்னல்களும் உள்ளே தாழிட்டிருந்தன.

"வெளிக்கதவுச் சாவி யார் யார்கிட்ட இருக்கு?"

"மூணே பேருகிட்டதான். நான், கண்காணிப்பாளர் டாக்டர் பெல், பள்ளி வாரியத் தலைவர் லுண்டீன்."

"மனுவக் கடைசியா எப்பப் பாத்தே?"

"நேத்து சாயங்காலம் வாரியக் கூட்டத்துல. தலைவரே கையில தூக்கி எல்லாருக்கும் காட்டினாரு. அப்புறம் நான் அலமாரில வெச்சுப் பூட்டி, சாவிய மேசைக்கு அடியில ஆணியில மாட்டினேன். எல்லாரும் ஒண்ணாத்தான் கிளம்பினோம்."

"அந்த ஆணி யாருக்குத் தெரியும்?"

"யாருக்குத் தெரியாது? நீ படிக்கிறப்பவே அங்கதானே தொங்கிச்சு. நீயே ஒருதரம் அதை எடுத்து…"

"அது இப்ப வேணாம், நடீன்."

நடீன் ஜன்னலோரம் போய் நின்றாள். அவள் பிள்ளைகளைப்போல வளர்த்த ஊதாப்பூச் செடிகள் ஐந்தும் தொட்டிக்கு வெளியே தலையைத் தொங்கப் போட்டிருந்தன.

"இதுங்களப் பாரு. ராத்திரி முழுக்க விறைச்சுக் கிடந்திருக்கு. டாக்டர் பெல் வந்ததுலேர்ந்து ராத்திரியில்கூட ஹீட்டரக் குறைக்கிறதில்ல. நேத்து நாங்க போறப்பகூட அறை அடுப்படி மாதிரி இருந்துச்சு. காலைல வந்தா ஐஸ்பெட்டி."

"ஹீட்டர் கெட்டுப்போச்சா?"

"கெடல. திருகைக் கூட்டினேன், ஓடுது. நீ முதல்ல மனுவத் தேடு, என் செடிய நான் பாத்துக்கிறேன்."

ஹீட்டரின் திருகு கதவுக்குப் பின்னால், கோட் மாட்டும் கொக்கிகளுக்கு அடியில் இருந்தது. டெல்லா அதை ஒருமுறை பார்த்துவிட்டு வெளியே வந்தாள்.

காலை 8.30.

பள்ளிக் கண்காணிப்பாளர் காரிஸா பெல் வெயில் கொளுத்தும் அரிசோனாவிலிருந்து வந்தவர். ஸ்வெட்டரும் அதன்மேல் சால்வையும் போர்த்தி, காப்பிக் கோப்பையை இரு கைகளாலும் பற்றியிருந்தார்.

"என்னைத்தான் முதல்ல சந்தேகப்படுவீங்கன்னு தெரியும், ஷெரிஃப். இணைப்பு நல்லதுன்னு கூட்டத்துல சொன்ன ஒரே ஆளு நான்தான்."

"மார்டன்ல உங்களுக்கு வேலை தர்றதா பேச்சிருக்கே?"

"பேச்சு இருக்கு. அதுக்காகத் திருடணுமா? மனு ஒழுங்காப் போய்ச் சேந்து, வாக்கெடுப்புல ஊரே வரியத் தோக்கடிச்சாலும் எனக்கு அதே வேலைதான் கிடைக்கப் போகுது."

"சரி, நீங்களே சொல்லுங்க. நம்ம பள்ளி எப்படித்தான் இருக்கு?"

"தெரியாது."

"கண்காணிப்பாளருக்கே தெரியாதா?"

"பத்துப் பிள்ளைங்களுக்குக் குறைவான வகுப்போட மதிப்பெண்ண மாநிலம் வெளியிடாது. எண்ணு இருக்கவேண்டிய இடத்துல ஒரு நட்சத்திரக் குறி போட்டுடும். நம்ம பள்ளில எல்லா வகுப்பும் நட்சத்திரம்தான். நல்லாப் படிக்கிறாங்களா, இல்லையா? ஒப்பிட ஆளே இல்ல. இயற்பியல் வாத்தியாரு போனதுலேர்ந்து பாடத்தை டிவிலதான் போடுறோம்." அவர் ஒரு வாய் காப்பி குடித்தார். "போன வாரம் தலைவரும் இதையேதான் கேட்டாரு."

"கேட்டுட்டு என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. தொப்பிய எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு."

நடைவழியில் திரும்பும்போது டெல்லா ஒரு வகுப்பறையைக் கடந்தாள். உள்ளே ஒரே மேசை. சிக்னே லுண்டீன், ஒன்பதாம் வகுப்பு முழுவதும் அவள் ஒருத்திதான், டிவி முன்னால் தனியாக உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்தாள். திரையில் பேசியவர் கேள்வி கேட்டபோது, பழக்கத்தில் கையை உயர்த்திவிட்டு, பிறகு மெல்ல இறக்கிக்கொண்டாள்.

காலை 11.45.

உணவு நேரம். அன்று மிளகாய்க் குழம்பும் இலவங்கப்பட்டை ரொட்டியும். பள்ளி முழுவதும் அதன் மணம் பரவியிருந்தது. வாரியத் தலைவர் ஐனார் லுண்டீன் உடற்பயிற்சிக் கூடத்தில் காத்திருந்தார். கூடத்தின் வாசலில் அவருடைய தாத்தாவின் பெயர் செதுக்கப்பட்டிருந்தது. பள்ளிக்கு நிலம் கொடுத்தவர் அவர். அதன்பின் அந்த வாரியம் லுண்டீன் ஒருவர் இல்லாமல் கூடியதில்லை. அறுபத்தொன்பது வயதிலும் ஐனார் முதுகு வளையாமல் நின்றார். அவர் சொன்ன சொல்லை எங்கள் பக்கத்தில் யாரும் இரண்டாம் முறை சரிபார்ப்பதில்லை.

"உக்காருங்க, ஐயா."

"நின்னே பேசலாம். கிடைச்சுதா?"

"இல்ல. கூட்டம் முடிஞ்சு எங்க போனீங்க?"

"பண்ணைக்கு. இது கன்னு போடற மாசம், டெல்லா. மாட்டுக்குக் காவல் இருக்கணும்."

"வேற யாராவது கூட இருந்தாங்களா?"

"பசுமாடுங்க இருந்துச்சு. கேட்டுப் பாரு."

டெல்லா சிரித்தாள். "டாக்டர் பெல் எடுத்திருப்பாங்களா?"

"மாட்டாங்க."

"அவங்கதானே இணைப்பு வேணும்னு சொல்றாங்க?"

"அந்தம்மா எதிர்த்தா மூஞ்சிக்கு நேரா எதிர்ப்பாங்க. திருட மாட்டாங்க. அவங்க பேர இதுல இழுக்காத."

"அவ்வளவு உறுதியா?"

"உறுதிதான்."

"நடீன்?"

"அந்தப் பொண்ணு பனியில நடந்து கால் வீங்கிக் கிடந்தா. அவளையும் விடு."

பேச்சு முடிந்தது என்பதுபோல் தொப்பியை வைத்துக்கொண்டு வாசலை நோக்கி நடந்தார். அடுத்த நொடி கூடம் முழுக்க இருண்டது.

"ஐயா! நான் உள்ளதான் இருக்கேன்!"

விளக்குகள் மீண்டும் எரிந்தன. "மன்னிச்சுக்க, பொண்ணே. வெளிய போறப்ப விளக்க அணைக்கிற கைப்பழக்கம்."

வாசலில் சாப்பாட்டுத் தட்டோடு நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள். அவர்களில் ஒருவன் அவருடைய குரலிலேயே, "கதவைச் சாத்துடா, ஊரையே சூடாக்கவா ஹீட்டருக்கு எண்ணெய் வாங்கறோம்?" என்றான். ஒவ்வொரு வாரியக் கூட்டத்திலும் அவர் சொல்கிற வார்த்தை அது. ஐனாரும் சிரிக்க முயன்றார். சிரிப்பு வரவில்லை.

டெல்லா வாசலோரம் இருந்த விளக்குச் சுவிட்சைப் பார்த்தாள். பள்ளி உணவறையில் எடுத்த ரொட்டியைப் பாதியில் வைத்துவிட்டு வண்டியை எடுத்தாள். தன் மனதில் வந்த விடை தவறாக இருக்கவேண்டும் என்று வழியெல்லாம் விரும்பினாள்.

பிற்பகல் 2.15.

லுண்டீன் பண்ணைவீட்டுச் சமையலறை. ஐனார் அவளுக்குக் காப்பி ஊற்றினார். அவள் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டாள்.

"நேத்து ராத்திரி திரும்பி வந்து மனுவ எடுத்தது நீங்கதான், ஐயா."

அவர் கெண்டியை அடுப்பில் வைத்தார். "எத வெச்சுச் சொல்ற?"

"எல்லாரும் காணாமப்போன பொருளையே பாத்தோம். அறை ஏன் குளிர்ந்து கிடந்துச்சுன்னு யாரும் யோசிக்கல. ஹீட்டர் கெடல. எல்லாரும் கிளம்பறப்ப அறை சூடா இருந்துச்சு, காலைல திருகைக் குறைச்சு வெச்சிருந்துச்சு. எடுத்த ஆளு வெளிய போறப்ப அதைக் குறைச்சிருக்காரு. டாக்டர் பெல்லுக்கு எப்பவும் குளிர், அவங்க குறைக்க மாட்டாங்க. நடீன் தன் செடிங்களச் சாகவிட மாட்டா. மூணாவது சாவி உங்களோடது."

அவர் காப்பிக் கோப்பையை அவள் பக்கம் நகர்த்தினார்.

"திருட வந்தவன் எவனும் அந்த இடத்தோட எண்ணெய்ச் செலவப் பத்திக் கவலப்பட மாட்டான். முப்பது வருஷமா அந்தப் பள்ளிக்காசத் தன் காசா நெனச்ச ஒருத்தரு மட்டும்தான் அதைச் செய்வாரு. உங்களுக்கே தெரியாம உங்க கை செஞ்சிருக்கு. இன்னிக்கு என்னை இருட்டுல விட்ட அதே கைதான்."

ஐனார் தம் வலக்கையை மேசைமேல் வைத்து, யாருடையதோபோல் அதைப் பார்த்தார். பிறகு எழுந்து உள்ளறைக்குப் போய் மனுக்கட்டோடு வந்தார். ஒரு தாளும் கசங்கவில்லை.

"அடுப்புல போடத்தான் கொண்டுவந்தேன். முதல் கையெழுத்து என்னோடது. எரிக்க மனசு வரல."

"கையெழுத்துப் போட்டவரு ஏன் எடுத்தீங்க?"

"சிக்னேக்காக." அவர் உட்கார்ந்தார். "அவ அம்மா செத்ததுலேர்ந்து நான்தான் வளக்கிறேன். ஒருநா என்னைக் கேட்டா, 'தாத்தா, நான் கெட்டிக்காரியா?'ன்னு. பதில் சொல்லலாம்னு பள்ளிக்குப் போய்க் கேட்டேன். தெரியாதுன்னுட்டாங்க. என் பேத்தி ஒரு நட்சத்திரக் குறி, டெல்லா. அவளுக்கு எண்ணே கிடையாது. பந்தாட்டத்துக்கு ஆளு பத்தாம ஏற்கெனவே மார்டனோட சேந்துதான் ஆடறோம். பாடத்துக்கு மட்டும் அவ டிவிகூட உக்காந்திருக்கா."

"அதக் கூட்டத்துல எழுந்து சொல்லியிருக்கலாமே?"

"லுண்டீன் ஒருத்தன் எழுந்து நின்னு இந்தப் பள்ளிய மூடுங்கன்னு சொல்றதா? எங்க தாத்தா பேரு எழுதின வாசல் வழியா உள்ள போயா?" அவர் குரல் முதன்முறையாக உடைந்தது. "தானா மூடிக்கிட்டா யாரு பேரும் கெடாதுன்னு நெனச்சேன்."

"கெட்டுப்போச்சே, ஐயா."

"ஆமா."

டெல்லாவுக்கு அவரைச் சிறுவயது முதல் தெரியும். அவள் தந்தையின் சவப்பெட்டியைத் தூக்கிய அறுவரில் அவரும் ஒருவர். அந்த நினைவு எழுந்தபோது அதை ஒதுக்கினாள்.

"நான் இதை எழுதித்தான் ஆகணும். வழக்கு வரும்."

"எழுது. எழுதாம விட்டா உன்மேல இருக்கிற மரியாதை எனக்குப் போயிடும்." அவர் சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்தார். "அஞ்சு மணிக்குள்ள இது போகணும். நான் கொண்டுபோறேன். நீ பின்னாடி வா."

மாலை 4.20.

தேர்தல் அலுவலகத்தில் அவர் தொப்பியைக் கழற்றிவிட்டு மனுவைத் தாமே கொடுத்தார். செய்தி கேட்டு ஓடிவந்திருந்த நடீன் அழுதுகொண்டே அவர் கையைப் பிடித்தாள்.

"தலைவரே, எங்கிருந்துதான் கண்டுபிடிச்சீங்க?"

"கண்டுபிடிக்கல, நடீன். நான்தான் எடுத்தேன்."

அவள் கை தானாக விலகியது. சுற்றியிருந்தவர்கள் கேட்கும்படியாகத்தான் அவர் சொன்னார். அன்று மாலையே வாரியத்திலிருந்து விலகினார்.

வசந்தத்தில் வாக்கெடுப்பு நடந்தது. வரி வென்றது, பள்ளி நிலைத்தது. நீதிபதி ஐனாரை அபராதத்தோடு விட்டுவிட்டார். ஊரும் அவரிடம் பெருந்தன்மையாகவே நடந்துகொண்டது. வயதான காலத்தில் ஏதோ தடுமாற்றம் என்றார்கள், அவர் வீட்டு வாசலில் பதார்த்தங்களை வைத்துவிட்டுப் போனார்கள். கூடத்து வாசலில் இருந்த பெயரை எடுக்கவேண்டும் என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்தப் பெயர் அங்கேயே இருக்கட்டும் என்று அவரும் வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கலாம். எங்களில் பலர் அப்படித்தான் விரும்பினோம்.

ஆகஸ்டு மாதம் பள்ளி திறந்த முதல் நாள், டெல்லா தெருமுனையில் நின்று பிள்ளைகளைக் கடக்க விட்டுக்கொண்டிருந்தாள். நடீன் வாசலில் நின்று ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லி உள்ளே அழைத்தாள். அப்போது லுண்டீன் பண்ணையின் பழைய லாரி வந்தது. சிக்னே முன்னிருக்கையில் புதுப்பையை மடியில் வைத்திருந்தாள். லாரி பள்ளி வாசலில் நிற்கவில்லை. மார்டன் பள்ளிக்குப் போகும் சாலையில் திரும்பியது.

நடீன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"மனுவ எடுத்ததக்கூட மறந்துடலாம், டெல்லா," என்றாள். "இதை எப்படி மறக்கிறது?"

லாரிக்குள்ளிருந்து சிக்னே கையசைத்தாள். ஐனார் லுண்டீன் இரு கைகளாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்து, நிமிர்ந்து உட்கார்ந்து, நேரே சாலையைப் பார்த்தபடி போனார்.