இடது செருப்பில் எறும்பு

சொர்ணலதா ஒரு பன்னீர்க் குப்பியைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி, அதை இன்னொரு கவரில் போட்டு, மைசூர் மருத்துவமனை ஒன்றின் ஆய்வகத்துக்குக் கொண்டுவந்தாள். வெடிகுண்டைக்கூட யாரும் அவ்வளவு பத்திரமாகத் தூக்கிவர மாட்டார்கள்.

"இதைச் சோதிச்சுச் சொல்லுங்க சிஸ்டர். எங்க வீட்டுக்காரரு கண்ணைக் கெடுத்தது நான்தானான்னு எனக்குத் தெரியணும்."

கேரல் அங்கே நோய்த்தொற்றுப் பிரிவு நர்ஸ். கிருமி எந்த வழியாக வந்தது என்று கண்டுபிடிப்பது அவள் வேலை. அதில் அவசரம் உதவாது என்று ஆய்வகத்து ஜோவிடம் சொல்லிச் சொல்லி அலுத்திருந்தாள். அவன் அதற்குள் குப்பிக்குக் கை நீட்டிவிட்டான்.

"இரு ஜோ. எது முதல்ல வந்ததும்மா?"

"குளிர்காய்ச்சலுங்க. அப்புறம் வலது கண்ணு செவந்து, பார்வை மங்குச்சு. எரியுதுன்னாரு, பன்னீர் விட்டேன். கொழுந்தன் கிளினிக்குக் கூட்டிட்டுப் போனாரு. நானும் வாரேன்னேன். நான் கர்நாடகத்துலயே பொறந்த மார்டள்ளிக்காரி, எனக்குக் கன்னடம் நல்லா வரும். 'பொம்பள நீங்க எதுக்கு'ன்னுட்டாரு. டாக்டரு காதைப் பத்தியெல்லாம் விசாரிச்சாராம். அவரு குடுத்த மருந்துக்குக் கண்ணு சரியாகல. பெரிய ஆஸ்பத்திரியில கண்ணையே எடுத்துட்டாங்க. பன்னீராலதான்னு கொழுந்தன் எல்லார்கிட்டயும் சொல்லிட்டாரு. எங்க வீட்டுக்காரரு என்கூடப் பேசறதே இல்லீங்க."

"இப்ப எப்படி இருக்கார்?"

"மறுபடியும் குளிருதுங்கறாரு."

கேரல் உடனே எழுந்துவிட்டாள்.

"குப்பியை டெஸ்ட் பண்ண வேண்டாமா அக்கா?" என்றான் ஜோ, சொர்ணலதாவோடு அவள் வீட்டுக்குப் போகும் ஆட்டோவில்.

"காய்ச்சல் பன்னீருக்கு முன்னாடியே வந்தாச்சே. திருடன் உள்ளே இருக்கறப்ப வாசக்கதவைத் தட்டிப் பாத்து என்ன ஆகும்? வேற எங்கயோ புண் இருக்கு, அது ரத்தத்துல கலந்து கண்ணுக்குப் போயிருக்கு. மிச்சமிருக்கற கண்ணுக்கும் போறதுக்குள்ள பிடிக்கணும். அது சரி, கண்ணுக்குப் போனவர்கிட்ட காதை ஏன் விசாரிச்சார்?"

அது ஒற்றை அறை வீடு. வாசலில் சிமெண்ட் படிந்த ஒரு ஜோடி செருப்பு. வலது செருப்பில் ஒன்றுமில்லை. இடதில், குதிகால் படும் இடத்துக் கறையைச் சுற்றி எறும்பு மொய்த்திருந்தது. கேரல் அதைப் பார்த்துக்கொண்டே உள்ளே போனாள்.

கொத்தனார் பழனி கண்ணில் கட்டோடு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். தம்பி செந்தில்நாதன் அவனுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தான். சேலத்திலிருந்து அண்ணனோடு வேலைக்கு வந்தவன். பாசக்காரப் பிள்ளைதான், அதைக் குறை சொல்ல முடியாது.

"சக்கரை இருக்கா அண்ணா?"

"இருக்குதுங்க."

"இடது காலைக் காட்டுங்க."

"கால்ல ஒண்ணும் இல்லீங்களே. வலியே கெடையாது."

"அதுதான் பயமா இருக்கு."

காய்ப்பேறிய குதிகாலில் ஆணி ஏறிய துளை ஒன்று இருந்தது. கேரல் லேசாக அழுத்தினாள்.

"அக்கா, கீவு," என்றான் மைசூரிலேயே பிறந்து வளர்ந்த ஜோ.

செந்தில்நாதன் விழித்தான். "காலைப் பாத்துட்டு ஏங்க காதுங்கறீங்க?"

கேரல் மெல்லத் திரும்பினாள். "கிளினிக்ல டாக்டர் என்ன கேட்டார்? அப்படியே சொல்லுங்க."

"'எல்லாதரூ கீவு இதெயா'ன்னாரு. சைட்ல காதைக் கிவின்னுதான் சொல்வாங்க. அண்ணன்கிட்ட காது வலிக்குதான்னு கேட்டேன், இல்லைன்னாரு. 'இல்லா சார்'னுட்டேன்."

"கிவின்னா காது. கீவுன்னா சீழ். உடம்புல எங்கயாவது சீழ் இருக்கான்னு கேட்டிருக்கார்."

கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைக்கக்கூட அவனுக்குத் தோன்றவில்லை.

"சக்கரையால ஆணி குத்தினது இவருக்கு உறைக்கல," என்றாள் கேரல். "கேட்ட டாக்டரும் காலைத் திருப்பிப் பாத்திருக்கலாம். அப்புறம் பன்னீர்னு ஒரு காரணம் கெடைச்சது, யாரும் வேற எதையும் தேடல."

"அண்ணியைப் போயி நான்..." செந்தில்நாதன் இப்போதுதான் கிண்ணத்தைக் கீழே வைத்தான்.

பழனி கேட்டான்: "அன்னிக்கே தெரிஞ்சிருந்தா கண்ணு பொழைச்சிருக்குங்களா?"

இதற்குப் பொய் சொல்லலாம் என்று கேரலுக்கு ஒரு நொடி தோன்றியது. "பிழைச்சிருக்கலாம் அண்ணா. உறுதியாச் சொல்ல முடியாது. ஆஸ்பத்திரிக்கு இப்பவே கிளம்பினா இன்னொரு கண்ணைக் காப்பாத்தலாம்."

பழனி சுவரிலிருந்து திரும்பினான். "சொர்ணா," என்று கை நீட்டினான். அவள் வலப்பக்கம் நின்றிருந்தாள், கண் இல்லாத பக்கம். கை வேறெங்கோ போயிற்று. அவள் நகர்ந்து, கை இருந்த இடத்துக்கு வந்து அழுதாள்.

"நான் கூட்டிட்டுப் போறேன் அண்ணி," என்று செந்தில்நாதன் எழுந்தான்.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நீங்க ஆட்டோ கூப்பிடுங்க தம்பி. டாக்டருக்கு நான் பதில் சொல்லிக்கறேன்."