தண்ணீர் நின்ற மூன்றாம் நாள்

மின்வெட்டில் ஊரே இருட்டில் உட்கார்ந்து கொசு அடித்துக்கொண்டிருந்தபோது, திருமூர்த்தி வீட்டில் மட்டும் பல்பு எரிந்தது. வெள்ளகோவில் பக்கத்தில் அதை யாரும் அதிசயமாக நினைப்பதில்லை. பனியன் கம்பெனி எலக்ட்ரீஷியனான அவன், வீட்டுக்குப் பின்னால் வாய்க்கால் தண்ணீர் படியிறங்கி விழும் இடத்தில் இரும்புச் சக்கரம் மாட்டி, கழித்துப்போட்ட மோட்டார் ஒன்றைத் திருத்தி, சொந்தமாகக் கரண்ட் எடுத்துவந்தான்.

மடை திறந்து மூடும் வாய்க்கால் லஸ்கர் கன்னையன் வாசலில் சைக்கிளை நிறுத்தினான்.

"ஏனுங்க, மடையை அடைச்சு மூணு நாளாச்சு. வாய்க்கால்ல பசங்க கிரிக்கெட் ஆடறாங்க. உங்கூட்டு லைட்டு மட்டும் எப்படீங்க?"

"பேட்டரிங்க."

"நல்ல பேட்டரியா இருக்குதுங்க. எனக்கும் ஒண்ணு சொல்லி வையுங்க."

கன்னையன் போய்விட்டான். வீட்டில் பேட்டரி எதுவும் இல்லை.

போன மாதம் இதே நேரத்தில் பல்பு மங்கியது. சக்கரத்துக்கு முன்னாலிருந்த கம்பிவலையில் பனியன் வேஸ்ட் அடைத்திருக்கும். எழுந்திருக்கச் சோம்பல்பட்டு மனைவி குழந்தையம்மாளை அனுப்பினான். பிசிர் வெட்டிக்கொண்டிருந்த டீ-சர்ட்டை மடியிலிருந்து இறக்கிவைத்துவிட்டு அவள் போனாள். வெளிச்சம் பளிச்சென்று வந்தது. டீயைக் குடித்து முடித்து, பேப்பரில் ராசிபலன் வரைக்கும் படித்த பிறகே, அவள் திரும்பவில்லை என்பது அவனுக்கு உறைத்தது. மறுநாள் கீழ்மடையில் பிணமாக ஒதுங்கியிருந்தாள்.

பூட்டியிருந்த பின்கதவின் இடுக்கு வழியாக, காய்ந்த வண்டலின் வாடையோடும் சாயத்தின் காரத்தோடும் சக்கரத்தின் கிரீச்சொலி வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் நடுவே, வலித்த கையை மாற்றிக்கொள்பவர் எடுக்கும் அளவுக்கு ஒரு சின்ன இடைவெளி. அந்த இடைவெளியில் பல்பு லேசாக மங்கி, பிறகு அவசர அவசரமாக, மன்னிப்புக் கேட்பதுபோல, பிரகாசமானது.

மூன்று நாளாக அவன் கேட்காததுபோல் இருந்த இடைவெளி அது. இன்று தாங்க முடியவில்லை. அவளை எப்படியாவது ஓய விட வேண்டும்.

துண்டைச் சுற்றிப் பல்பைக் கழற்றினான்.

"போதும் அம்மணி. எனக்கு வெளிச்சம் வேண்டாம். விட்டுட்டுப் போயிரு."

பல்பு நழுவி விழுந்து உடைந்தது. இருட்டு.

கிரீச்சொலி நிற்கவில்லை. வேகமெடுத்தது.

பல்பு எரியும்வரைதான் சக்கரத்துக்குப் பிடிமானம். அந்தச் சுமையைக் கழற்றினால் வெறிபிடித்துச் சுற்றும். எலக்ட்ரீஷியனுக்கு அது தெரியும். புருஷனுக்கு மறந்துவிட்டது.

கதவைத் திறந்தான். டார்ச்சை அடித்தான்.

வாய்க்கால் காய்ந்து வெடித்துக் கிடந்தது. நடுவில் சக்கரம். அதன் கம்பிகளைப் பற்றியிருந்த இரண்டு கைகள். விட முடியாத கைகள். சக்கரம் அவளைத் தூக்கியது. தலைகீழாய்க் கவிழ்த்தது. ஈரக் கூந்தல் காய்ந்த சிமெண்ட் படியில் அறைந்தது. மறுபடி தூக்கியது.

ஒவ்வொரு முறை மேலே வரும்போதும் அந்த முகம் வீட்டின் பக்கமே திரும்பியது. வாயிலிருந்து தண்ணீர் வழிய, மரியாதை குறையாமல் கேட்டது.

"இப்ப எரியுதுங்களா?"