கைக்கு மட்டும் எல்லை

கணினித் திரையில், விளையாட்டின் அமைப்புகளைக் காட்டும் இன்ஸ்பெக்டர் பலகையில் ‘தூரம்’ என்று ஒரு வரி இருந்தது. இல்வா அதை எழுதவில்லை.

மகன் எலோஃபுக்குக் காய்ச்சல் என்று லீவு போட்டவள், சும்மா இருக்க முடியாமல் சமையலறை மேசையில் வேலையைத் திறந்திருந்தாள். அவள் உருவாக்கும் பேய் விளையாட்டு. அந்தப் பேயின் வேகம், குரல், உயரம் எல்லாவற்றையும் புரோகிராம் தெரியாத சக ஊழியன் டோர்கெலும் இழுத்து மாற்றும்படி பலகையில் தலைப்பும் ஸ்லைடரும் வைத்துக்கொண்டிருந்தாள். குளிர்காலம்; நான்கு மணிக்கே ஷோவ்டே நகரம் இருட்டிவிட்டது. ஹீட்டர் மேல் காயும் கம்பளிக் கையுறையின் ஈரவாடை, பக்கத்து அறையில் எலோஃபின் அனல் மூச்சு, அவற்றுக்கு அடியில், கீழ்ப் படிக்கட்டில் யாரோ அவசரமில்லாமல் ஏறி வரும் சத்தம்.

தூரம் 19. ஒரு காலடி. 18.

தற்செயல்தான் என்று நினைத்தாள். இன்னொரு காலடி. 17. புரோகிராம் எழுதிய ஸ்கிரிப்டைத் திறந்தாள். அந்த வரி அங்கேயும் இருந்தது. அழித்தாள், திரும்ப வந்தது. எண் ஆறானபோது, அந்த வரியின் தலையில் ஓர் எல்லை போட்டாள்: ஐந்துக்குக் கீழே போகக்கூடாது.

ஸ்லைடர் ஐந்தில் நின்றது. காலடியும் நின்றது.

அப்பாடா என்றிருந்தது. டோர்கெலுக்குப் போன் போட்டாள்.

“ஏய், ‘தூரம்’னு ஒண்ணு சேர்த்தது நீயா?”

“நானா? எனக்கு ஒரு அரைப்புள்ளி வைக்கத் தெரியுமா தாயே?”

“விடு. எல்லை போட்டு நிறுத்திட்டேன்.”

அவன் சிரித்தான். “நீயா பேசறே? போன வாரம் என்னை அந்தத் திட்டு திட்டினியே, ‘எல்லை நாம இழுக்கிற ஸ்லைடருக்குத்தான்டா, உள்ளே எண் அதுபாட்டுக்குப் போகும்’னு.”

அவள் போனை வைத்தாள்.

எல்லையை அழித்தாள். பலகை ஒரு கணம் வெளுத்துத் திரும்பியது.

தூரம் 0.

வாசல் கதவு பூட்டியே இருந்தது. படிக்கட்டில் சத்தமில்லை. ஹீட்டர்கூட அடங்கிவிட்டது.

“அம்மா...” பக்கத்து அறையில் எலோஃப், தூக்கக் கலக்கத்தில்.

இல்வாவின் இரண்டு கைகளும் கீபோர்டின் மேல் இருந்தன.

“சில்லுன்னு நல்லாருக்கும்மா. நெத்தியிலேருந்து கையை எடுக்காதே.”