மேரியும் தூங்குமூஞ்சிக் கம்ப்யூட்டரும்

அந்தக் கம்ப்யூட்டருக்கு நடந்த மரியாதையைப் பார்த்திருந்தால் நீங்கள் சிரித்திருப்பீர்கள். நெற்றியில் சந்தனம், குங்குமம். தூசி படாமலிருக்கப் போர்த்த ஒரு பட்டுத் துண்டு. அந்த அறைக்குள் போகிறவர்கள் செருப்பை வாசலிலேயே கழற்ற வேண்டும். உள்ளே போனதும் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும். தும்மல் வந்தால்கூட வெளியே ஓடிப் போய்த்தான் தும்ம வேண்டும்!

பின்னே? எண்பத்தெட்டாம் வருஷத்தில் செஞ்சியில் எத்தனை பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் இருந்தது என்று நினைக்கிறீர்கள்? அங்கே படித்து மெட்ராஸுக்கு வேலைக்குப் போன ஒருவர், தன் ஆபீசுக்குப் புதிது வாங்கியதும் பழையதைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி வைத்திருந்தார். கறுப்புத் திரை, பச்சை எழுத்து. போட்டதும் ஏதேதோ வரிகள் சர்ரென்று ஓடும், யாரும் படித்ததில்லை. கணக்கு வாத்தியார் பாண்டுரங்கன் சார்தான் அதற்குப் பொறுப்பு.

அது வந்த அதே வாரம் ஆறாம் வகுப்புக்கு இன்னொருத்தியும் வந்தாள். பெயர் இருதயமேரி. அவளுக்கு யாரும் சந்தனம் வைக்கவில்லை.

மேரியின் அப்பா ஆரோக்கியம் லாரி ஓட்டுகிறவர். போனால் திரும்பி வர நாளாகும். அம்மாவுக்கு வேர்க்கடலை மில்லில் வேலை. சாயங்காலம் வீட்டுக்குப் போனால் பூட்டுதான் மேரியை வரவேற்கும். அம்மா வரும்வரை வாசற்படியில் உட்கார்ந்து, தூரத்தில் தெரியும் ராஜகிரிக் கோட்டையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். எதிர்வீட்டு மதில்மேல் குரங்குகள் ஒன்றுக்கொன்று பேன் பார்த்துக்கொண்டிருக்கும். குரங்குக்குக்கூட ஆள் இருக்கிறதே என்று மேரி நினைத்துக்கொள்வாள்.

பள்ளிக்கூடத்திலும் அதே கதைதான். எல்லோரும் முன்பே ஜோடி சேர்ந்து உட்கார்ந்துவிட்டார்கள். மேரிக்குக் கிடைத்தது கடைசி பெஞ்சின் ஓரம். காலையில் "உள்ளேன் ஐயா" என்று சொன்னதோடு சரி, அப்புறம் ஒரு வார்த்தை பேசாமல் வீட்டுக்கு வந்த நாட்கள் உண்டு.

ஆனால் ஒரு விஷயத்துக்காக அவள் காத்திருந்தாள். ஒவ்வொரு கம்ப்யூட்டர் வகுப்பிலும் யாராவது ஒருவர் தன் பெயரைத் தட்டிப் பார்க்கலாம். தலையணைமேல் விரலால் தட்டித் தட்டி மேரி தன் பெயரைப் பழகி வைத்திருந்தாள்.

அந்த நாளும் வந்தது.

"இருதயமேரி, வாம்மா," என்றார் சார். அவள் வந்து நின்றாள். உடனே தட்ட விட்டாரா? அதுதான் இல்லை! விரலை எப்படி வைப்பது, எப்படி எடுப்பது, இந்த மெஷின் எவ்வளவு விலை என்று சார் பேச ஆரம்பித்துவிட்டார். அவர் பேச ஆரம்பித்தால் லேசில் நிறுத்துகிறவர் இல்லை. வகுப்பே கையைக் கட்டிக்கொண்டு கேட்டது.

கடைசியில், "ம்… இப்போ தட்டு," என்றார். மேரி விரலை நீட்டினாள்.

திரை பட்டென்று இருண்டுபோனது.

"தொடாதே!" என்று அலறிய சார், ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கினார். "மெஷினுக்கு ரெஸ்ட் வேணும் போலிருக்குது. எல்லாரும் கிளாஸுக்குப் போங்க."

வெளியே வந்ததும் முதல் பெஞ்ச் ஆண்டாள் சொன்னாள். "எல்லாம் அவ ராசிடி. அவ கையை நீட்டினதும்தானே இது இப்படி இருண்டு போச்சு?"

"கம்ப்யூட்டர்கூட அவகிட்ட பேச மாட்டேங்குதுடா!" என்று காமராஜ் சிரித்தான்.

மேரி காதில் எல்லாம் விழுந்தது. குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவுகிற சாக்கில் அழுதாள்.

அதற்கப்புறமும் அந்தத் தூங்குமூஞ்சிக் கம்ப்யூட்டர் அடிக்கடி இருண்டது. பிளக்கைப் பிடுங்கி மாட்டினால் எழுந்திருக்கும். மறுபடி இருளும். சார் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "இது பழுதான மெஷின்தான். சனிக்கிழமை மெட்ராஸ் பஸ்ல ஏத்தி அனுப்பிடலாம்," என்றார்.

எல்லோரும் திரும்பி மேரியைப் பார்த்தார்கள். மேரி தலையைக் குனிந்துகொண்டாள். கம்ப்யூட்டர் போய்விடும். ஆனால் 'ராசி கெட்டவள்' என்ற பெயர் மட்டும் போகவே போகாது. அப்புறம் யார் அவள் பக்கத்தில் வந்து உட்காருவார்கள்?

அன்று சாயங்காலம் வாசற்படியில் உட்கார்ந்து யோசித்தாள். ஆண்டாள் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடித் தட்டினாளே, அப்போது திரை இருளவில்லை. காமராஜ் தட்டியபோதும் இல்லை. ஹெட்மாஸ்டர் வந்து எல்லோரும் எழுந்து நின்றபோது இருண்டது. சார் பேசிக்கொண்டே இருந்தபோது இருண்டது.

'எல்லாரும் கையைக் கட்டிக்கிட்டு நிக்கும்போதுதானே இருண்டு போவுது!'

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. திரை இருண்ட பிறகும் பெட்டிக்குள்ளே உர்ரென்ற சத்தம் நிற்கவில்லை. அப்படியென்றால் அது சாகவில்லை. யாரும் தொடாததால் இருண்டுபோகிறது, அவ்வளவுதான். மேரிக்கு இது நன்றாகவே புரிந்தது.

வெள்ளிக்கிழமை, கடைசி வகுப்பு. மூலையில் சாக்கும் வைக்கோலும் தயாராக இருந்தன. சார் கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டு, அதற்கு விடைகொடுக்கப் பேச ஆரம்பித்தார். நீளமான பேச்சு. திரை இருண்டது. சார் பிளக்கை நோக்கி நடந்தார்.

"பிடுங்காதீங்க சார்!"

வகுப்பே திரும்பிப் பார்த்தது. இவ்வளவு சத்தமா தன் குரல் என்று மேரிக்கே தூக்கிவாரிப் போட்டது.

"ஒரே ஒரு தடவை தொட்டுப் பாக்கட்டுமா சார்?"

"கெட்டுப் போச்சுன்னா?"

"நாளைக்கு அனுப்பத்தானே சார் போறீங்க?"

சார் ஒதுங்கி வழிவிட்டார். மேரி கீபோர்டின் நீளமான பட்டனை ஒரு தட்டுத் தட்டினாள்.

விட்ட இடத்தில் விட்டபடியே பச்சை எழுத்துகள் வந்து நின்றன!

"ஐயோ, வந்துடுச்சுடா!" என்று காமராஜ் குதித்தான்.

"ஏதோ குருட்டாம்போக்குல வந்திருக்கும்," என்றாள் ஆண்டாள்.

"அப்போ இருங்க. யாரும் எதையும் தொடாதீங்க," என்றாள் மேரி.

எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கொஞ்ச நேரத்தில் திரை மறுபடி இருண்டது. இந்தத் தடவை மேரி தொடவில்லை. "நீ தட்டு," என்று ஆண்டாளைப் பார்த்துச் சொன்னாள். ஆண்டாள் பயந்துகொண்டே தட்டினாள். எழுத்துகள் வந்தன. ஆண்டாள் வாயைப் பிளந்தாள்.

சார் தலையைச் சொறிந்தார். "அப்போ உள்ளே எதுவோ நம்மளைக் கவனிச்சுக்கிட்டே இருக்குது."

"சார், போட்டதும் வரி வரியா சர்ருன்னு ஓடுமே. அதை நிறுத்திப் படிக்க முடியாதா?" என்று மேரி கேட்டாள்.

சார் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு மறுபடி போட்டார். வரிகள் ஓடும்போது சரியான நேரத்தில் ஒரு பட்டனை அழுத்தி நிறுத்தினார். இத்தனை நாளாக யாரும் படிக்காத அந்த வரிகளில் ஒன்றை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"இது ஒரு குட்டி புரோகிராம். மெட்ராஸ்காரர் வெச்சது. கம்ப்யூட்டர் எழுந்ததும் இதுவும் எழுந்துக்கும். நம்ம கண்ணுல படாது. நாம வேற வேலை செய்யும்போது பின்னாடி உக்காந்துக்கிட்டு, யாராவது பட்டனைத் தட்டுறாங்களான்னு பாத்துக்கிட்டே இருக்கும். ரொம்ப நேரம் யாரும் தட்டலைன்னா திரையை அணைச்சிடும்."

"எதுக்கு சார்?"

"ஒரே எழுத்து நாள் பூரா எரிஞ்சா திரையில கறை விழுந்துடும். அதுக்குத்தான் இந்தக் காவல். நாம மரியாதை, மரியாதைன்னு தொடாமலே இருந்தோம். அது அணைச்சிடுச்சு. பிளக்கைப் பிடுங்கி மாட்டினா அதுவும் முதல்லேர்ந்து ஆரம்பிக்கும்!"

"அதைத் தூக்கிடலாமா சார்?" என்றான் காமராஜ்.

"வேணாம் சார்," என்றாள் மேரி. "அது அதோட வேலையைத்தானே பாக்குது? நாம அப்பப்போ ஒரு தட்டுத் தட்டினா போதும்."

சாக்கும் வைக்கோலும் வெளியே போயின. மேரி உட்கார்ந்து தன் பெயரைத் தட்டினாள், ஒரு எழுத்துகூடத் தப்பவில்லை.

திங்கட்கிழமை மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்தது. எல்லோரும் ஜோடி ஜோடியாக வேப்பமரத்தடிக்குப் போனார்கள். மேரி பழக்க தோஷத்தில் கடைசி பெஞ்சின் ஓரத்திலேயே தலையைக் குனிந்துகொண்டு டிபன் டப்பாவைத் திறந்தாள்.

யாரோ ஒற்றை விரலால் அவள் தோளில் ஒரு தட்டுத் தட்டினார்கள்.

நிமிர்ந்தாள். ஆண்டாள், கையில் தன் டிபன் டப்பாவோடு.

"இன்னாடி, அணைஞ்சிட்டியா?"

மேரிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்துக்கொண்டே நகர்ந்து இடம் விட்டாள்.