வாசல் வழியே போனவள்

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் மத்தியானம் பனவடலிசத்திரத்திலிருந்து பைக்கில் வந்து இறங்கினார்கள். சங்கரன்கோவிலில் மாமியார் இறந்த வீட்டுக்கு இனி தேன்மொழியும் அவள் கணவன் இசக்கித்துரையும்தான் குடிவர வேண்டும். முதலில் மாமியாரின் உள்ளறையை ஒதுங்கவைக்கப் போனார்கள். ஜன்னல் இல்லாத அறை. தைல வாசனை இன்னும் போகவில்லை.

“அத்த இப்பந்தான் தேச்சுட்டுப் படுத்த மாதிரி இருக்கு,” என்றாள் தேன்மொழி.

“சும்மா கெட. அந்தக் கட்டிலப் பிடி.”

கட்டிலைத் தூக்கும்போது பின்னால் கதவு சாத்திக்கொண்டது.

வெளியே நாதாங்கி விழுந்தது. மெதுவாக, பழகிய கை போட்டது போல.

“யாருவே அது?”

இசக்கித்துரை தோளால் இடித்தான். தேக்குக் கதவு அசையவில்லை. செல்போன் இரண்டும் பைக் பெட்டியில் கிடந்தன.

கதவுக்கு அப்பால் யாரோ காலை இழுத்து இழுத்து நடந்தார்கள்.

“ஏங்க... அத்த எத்தன மணிக்குப் போனாவ?”

“நாலு மணிக்கு.”

“அது ஊருக்குச் சொன்னது. எங்கிட்ட உள்ளதச் சொல்லுங்க.”

அவன் குரல் இறங்கியது. “அஞ்சரை. அவிட்ட நட்சத்திரம் பொறந்துட்டு. அதச் சொன்னா, ஆகாத நட்சத்திரத்துல செத்த அடைப்புன்னு ஆறு மாசம் வீட்டப் பூட்டிப் போடச் சொல்லுவாவ. நாம எங்கன போயி இருக்க?”

“அடப்பாவி மனுசா! அடைப்புல போனவங்கள சுவத்த இடிச்சுல்லா வெளிய எடுப்பாவ? வாசல் வழியா கொண்டுபோனா திரும்பி வரத் தடம் தெரிஞ்சுரும்னுதான அப்படிச் செய்யுதாவ!”

நடை நின்றது.

கதவுக்கு வெளியே அல்ல.

அறைக்குள்.

“இடிங்க,” என்று கிசுகிசுத்தாள். “இப்பவாது இடிங்க.”

மூலையில் கிடந்த கடப்பாறையை எடுத்துப் பின்சுவரில் குத்தினான். பழைய மண்சுவர் பொலபொலவென்று உதிர்ந்தது. ஓர் ஆள் ஊர்ந்து போகும் அளவுக்கு ஓட்டை விழுந்து, வெயில் உள்ளே வந்தது.

“நான் வெளிய போயி உன்ன இழுக்கேன்,” என்று புகுந்து போனான்.

தேன்மொழி குனிவதற்குள் ஓட்டையை ஏதோ அடைத்தது. அறை இருண்டது. தைலம் மூக்கில் ஏறியது.

சுவருக்கு வெளியே அவன் குரல்.

“ஆங், பிடிச்சுட்டேன். வந்துரு... ஏட்டி, கை என்ன இப்படிச் சில்லுன்னு இருக்கு?”

சுவர் மண் மறுபடி உதிர்ந்தது.

“கட்டவெரலு ரெண்டையும் எதுக்குட்டி துணியால சேத்துக் கட்டியிருக்க?”

தேன்மொழியின் இரண்டு கைகளும் அவள் வாயைப் பொத்திக்கொண்டிருந்தன.