கொன்ற இரும்பில் ஒரு புறா

அமைதிக்குழுத் தலைவர் அருமைநாயகம் இரும்புப் புறாவின் வயிற்றில் குருதிமானியை அழுத்திப் பார்த்துவிட்டுப் பல்லைக் கடித்தார். நானூற்றுப் பன்னிரண்டு. பக்கத்து ஊர்க் கோட்டைக்கரையின் புறாவும் அதே நானூற்றுப் பன்னிரண்டு.

"இன்னும் ஒண்ணு கூடுதலா இருந்திருந்தா நாமதான் முதல்," என்று முனகினார்.

மனித உயிரைப் பறித்த இரும்பில் ஒரு வடு விழுகிறது, உருக்கினாலும் அது போகாது என்று எவனோ கண்டுபிடித்துத் தொலைத்த நாளிலிருந்து ஊர் உலகமே அந்த வடுக்களை எண்ணும் குருதிமானியும் கையுமாக அலைந்தது. பெண் பார்க்கப் போகிறவர்கள் காபியைத் தொடும் முன்னே அந்த வீட்டு அரிவாள்மனையைச் சோதித்தார்கள். ஆட்டுக்கும் கோழிக்கும் அந்தக் கருவி வாய் திறக்காது. மனிதன் மட்டும்தான் கணக்கு.

பறிமுதல் செய்த ஆயுதங்களை உருக்கி ஊருக்கொரு அமைதிப் புறா வைக்க வேண்டும் என்று சட்டம் வந்தபோது, எந்தப் புறா உயர்ந்தது என்ற கேள்வியும் கூடவே வந்தது. பெரிய மனிதர்கள் கூடி யோசித்து, அதிகம் கொன்ற இரும்பில் பிறந்த அமைதியே உயர்ந்த அமைதி என்றார்கள். மானியமும் சுற்றுலாக் கூட்டமும் அந்தப் புறாவுக்கே. ஒரு தடவைகூடச் சுடாத துப்பாக்கிகளை யாரும் சீந்தவில்லை. அவற்றை மூட்டை மூட்டையாகக் கடற்கரையில் கொட்டினார்கள். பிறகு அவற்றை யார் பொறுக்கிக்கொண்டு போனார்கள் என்பது அமைதிக்குழுக்களின் கவலை இல்லை.

உலைக்கூடத்தின் மேஸ்திரி சுடலிக்கு இந்தக் கூத்தெல்லாம் பழகிவிட்டது. கூலி வாங்கினோமா, போனோமா என்றிருப்பவள். ஆனால் அன்று தலைவர் கருவி விற்றவனிடம் தொலைபேசியில் பேசியது அவள் காதில் விழுந்தது.

"சும்மா ஒரு பேச்சுக்குக் கேக்கேன் சார். சிலையா செஞ்சு முடிச்ச அப்புறம் அந்த இரும்பால யாருக்காவது ஏதாவது ஆச்சுன்னா... அப்பவும் எண் ஏறுமா? ஓகோ. ஏறுமா!"

பேசி முடித்ததும் அவர் கண் மேலே போனது. அங்கே சுடலியின் தம்பி முத்தாண்டி, இடது இறக்கையைப் பொருத்த ஸ்பேனரோடு தொங்கிக்கொண்டிருந்தான்.

"ஏப்பா தம்பி, முறுக்கினது போதும். எறங்கி இறக்கைக்கு அடியில நின்னு பாலிஷ் போடு. கிரேனையும் கழட்டச் சொல்லு, படத்துல அசிங்கமா விழும்."

"ரெண்டே போல்ட்டுதான் மாட்டிருக்கு, தலைவரே. அதுவும் கைமுறுக்கு," என்றாள் சுடலி.

"இன்னும் கொஞ்ச நேரத்துல அமைச்சர் நேரலையில பாக்கப் போறாரு. அவருக்குத் துரு காட்டச் சொல்றியா?"

கிரேன் விலகியது. முத்தாண்டி துணியைத் தோளில் போட்டுக்கொண்டு அடியில் போய் நின்றுவிட்டான். செங்கல் சூளையில் இடுப்பில் அவனைக் கட்டிக்கொண்டு மண் மிதித்து வளர்த்தவள் சுடலி. தலையை எண்ணுகிற முதலாளியின் பார்வை எப்படி இருக்கும் என்பதை அங்கேயே கற்றிருந்தாள்.

"ஏலே, வெளிய வா."

"எதுக்குக்கா? அவருதானே நிக்கச் சொல்லுதாரு."

"அவரு சொல்லுததாலதாம்ல வான்னு சொல்லுதேன்!"

கையைப் பிடித்து இழுத்து வந்து தரையில் உட்கார வைத்தாள். அவள் உட்கார, உலைக்கூடத்து ஆட்கள் எல்லோரும் உட்கார்ந்தார்கள்.

"எந்திரிங்க! இல்லேன்னா நாளையிலருந்து ஒருத்தனுக்கும் இங்க வேலை கிடையாது," என்று கத்தினார் தலைவர்.

"இதைச் சொன்னவன் எத்தனையோ பேரு இருக்கான், தலைவரே," என்றாள் சுடலி. "பெரிய வரிசை. நீங்க கடைசியில போயி நில்லுங்க."

ஆட்கள் சிரித்தார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் நேரலைக்குப் படம் பிடிக்கும் பறக்கும் கண் ஒன்று வந்து புறாவைச் சுற்றியது. அதிலிருந்து அமைச்சரின் குரல் வந்தது.

"என்ன அருமைநாயகம், எல்லாரும் உக்காந்துருக்காங்க? சிலை ஆட்டம் கொடுக்குதா?"

"சேச்சே, அதெல்லாம் இல்லீங்கய்யா!"

"பின்ன ஏன் பக்கத்துல ஒருத்தரும் இல்ல?"

நாடே பார்த்துக்கொண்டிருந்தது. தலைவர் மேலே ஒரு தடவை பார்த்தார். பிறகு வேட்டியைச் சரிசெய்துகொண்டு, இறக்கைக்கு அடியில் போய் நின்று, இரண்டு கையையும் விரித்துச் சிரித்தார்.

"தலைவரே, வந்துருங்க!" என்று சுடலி கத்தினாள். அவர் சிரிப்பை மாற்றவில்லை.

கடல்காற்று பெரிதாக ஒன்றும் அடிக்கவில்லை. கைமுறுக்கு போல்ட்டு இரண்டுக்கும் அதுவே போதுமாக இருந்தது.

புழுதி அடங்கியபோது அவர் கையிலிருந்து தெறித்த குருதிமானி, இறக்கையின் மேலேயே சாய்ந்து கிடந்தது. அதில் நானூற்றுப் பதின்மூன்று என்று எரிந்தது. பறக்கும் கண் தாழ இறங்கி அந்த எண்ணுக்குப் பக்கத்தில் வந்தது.

"பதிவாயிடுச்சா?" என்றது அமைச்சரின் குரல்.

பதிவாகியிருந்தது. ஊருக்கு முதலிடம் கிடைத்தது. அமைதிக்காகத் தன்னையே தந்தவர் என்று அருமைநாயகத்தின் படத்துக்கு மாலை போட்டார்கள். அந்த இறக்கையைத் திரும்ப மாட்டி, எட்டு போல்ட்டையும் முறுக்கியது முத்தாண்டிதான்.

அடுத்த வாரம் சுடலிக்குக் கோட்டைக்கரை உலைக்கூடத்திலிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. அவளோடு சூளையில் கிடந்த மாடத்தி, இப்போது அந்த ஊர்ப் புறாவுக்கு மெருகு போடுகிறவள்.

"யக்கா, எங்க புறாவோட தலை போல்ட்டை லேசாக் கழட்டிவிடச் சொல்லிருக்காங்க. கழட்டிட்டு என்னை அடியில நின்னு துடைக்கச் சொல்லுதாங்க. எதுக்குக்கா?"

"இப்ப எங்க நிக்க?"

"அடியிலதான்."

"வெளிய வா, மாடத்தி. சொன்னவனை நிக்கச் சொல்லு."